ஈஸ்வரன் ஜீப்பில் கேட்ட கேள்வி

ஈஸ்வரன் போயிட்டான்...

இன்னைக்குக் காலையில வண்டி எடுக்கக் கெளம்புனவன் வாசல்லயே சாஞ்சுட்டான். ஹார்ட் அட்டாக்.

அவனுக்கு டிப்ரஷன் இருந்தது போடியில பாதிப் பேருக்குத் தெரியும். அதனால "நெசமாவே ஹார்ட் அட்டாக்தானா"ன்னு எனக்குப் போன் போடுறவங்க தயவுசெஞ்சு நிறுத்திக்கங்க. எரிச்சலா வருது.

மலைக்கு மேல ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்பு அவனோடது. நான் அங்க சூப்பர்வைசர். எட்டு வருஷமா அவன் வண்டியிலதான் போறேன், வர்றேன்.

மொதல்ல யார்கிட்டயும் பேச மாட்டான். திமிர் பிடிச்சவன்னு பட்டம் கட்டுனதே நான்தான்.

அப்புறம் ஒருநாள் அவனே சொன்னான். மண்டைக்குள்ள நாள் பூரா ஒரே பேச்சு ஓடுதாம்... "நீ ஒண்ணுக்கும் ஆகாதவன், இந்த வண்டியில ஒருத்தருக்கும் உன்னக் கண்டா ஆகாது."

தேனியில டாக்டரப் பாத்தான். மாத்திரை குடுத்தாரு. கூடவே, அந்தப் பேச்சு வந்தா ஒடனே நம்பிராத, நெசமான்னு விசாரிச்சுப் பாருன்னு சொல்லி அனுப்பிருக்காரு.

இந்தப் பய என்ன செஞ்சான் தெரியுமா? நேரா வண்டியிலயே விசாரிச்சுட்டான்!

பின்னாடி முழுக்கப் பொம்பளைக, தூக்குவாளியும் கையுமா. ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டே கேக்குறான்... "ஆத்தா, ஒங்களுக்கெல்லாம் என்னையக் கண்டா ஆகாதா?"

அந்தக் கூட்டத்துல இருந்து பேச்சியம்மாக்கா சொல்லுச்சு, "வளைவுல வெரசாத் திருப்புற பாரு, அப்ப மட்டும் ஆகாதுடா அப்பு."

வண்டியே சிரிச்சுச்சு. அவனும் சிரிச்சான். அன்னைக்குத்தான் அவன் பல்லையே பாத்தோம்.

"டாக்டரு உனக்குள்ள விசாரிக்கச் சொன்னாருடா கிறுக்கா"ன்னு நான் கத்துனேன்.

"எனக்குள்ள கேட்டா அதே ஆளுதான மாமா பதில் சொல்லுது"ன்னான்.

ஒரே நாள்ல சரியாகிடல. மாசக்கணக்குல வண்டி எடுக்காமப் படுத்துக் கெடந்திருக்கான். திரும்ப வருவான், திரும்பக் கேப்பான். அந்தப் பொம்பளைகளும் திட்டிக்கிட்டே பதில் சொல்லும்.

"ஒருத்தருக்கும் ஆகாது"ங்கிறது "ரெண்டு பேருக்கு ஆகாது போல"ன்னு கொறைய நாலு வருஷம் ஆச்சு. நாலு வருஷம்! நானா இருந்தா நாலு வாரத்துல கைய விரிச்சிருப்பேன்.

போன மாசம் ஒருநாள் என் வீட்டு வாசல்ல வந்து ஹாரன் அடிச்சான். "மாமா, 'இன்னைக்கு உன்னால மலை ஏற முடியாது'ன்னு மண்டைக்குள்ள அந்தப் பேச்சு சொல்லுது. முன் சீட்டுல வந்து உக்காருங்க."

உக்காந்தேன். பயம்தான், பொய் சொல்லல. மெதுமெதுவா எல்லா வளைவையும் ஏறிட்டான்.

மலை மேல போடிமெட்டுல டீயக் கையில வாங்கிக்கிட்டு, "பாதி பொய்யாப் போச்சு மாமா"ன்னான்.

"ஏன்டா பாதி? அதான் ஏறிட்டியே!"

"சாயந்தரம் எறங்கணும்ல..."

சாயந்தரம் எறங்குனான். அத்தன பேரையும் பத்திரமா எறக்கிவிட்டான். என்ன மனுஷன்யா இவன்னு ஸ்டாண்டுலயே அசந்துபோயி நின்னேன். அத அவன்கிட்டச் சொல்லல.

மூணு மணிக்கு எடுக்குறாங்க. இன்னைக்கு எங்க தோட்டத்துக்கு யாரும் ஏறல, எல்லாரும் அவன் வாசல்லதான் இருக்கோம்.

போயிட்டு வா மாப்ளே...