செத்தவள் அனுப்பிய மணியார்டர்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, நான் கோவளத்து உப்பளத் தொழிலாளி தேவசகாயத்தின் மனைவி எஸ்தர். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்தச் சாட்சியை எழுதுகிறவள் சரோஜா, என் வயிற்றில் பிறக்காத மகள். அவளிடம் நான் சொன்ன ஒரு பெரிய பொய்யை இன்று அவள் கையாலேயே எழுத வைத்திருக்கிறேன். எனக்கு இதுவும் வேண்டியதுதான்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவுக்கு நெற்றியிலும் காது மடலிலும் தடிப்பு கண்டது. பெருவியாதி, குஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் முன்பே விட்டுவிட்டு ஓடிப்போனவன். செங்கல்பட்டுப் பக்கம் அந்த வியாதிக்கென்றே இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக முடிவு செய்து, பிள்ளைகள் இரண்டையும் என் வீட்டுக்கு அழைத்து வந்தாள். சரோஜாவுக்கு எட்டு வயது. அவள் தம்பி ஏழுமலைக்கு நாலு.

"கொஞ்ச நாளு பாத்துக்கோ அக்கா. உன்ன வுட்டா எனக்கு யாரு கீறாங்க?" என்றாள்.

"நான் பாத்துக்கிறேன். நீ மட்டும் கடுதாசி கிடுதாசி போட்டுடாத. ஊருக்குத் தெரிஞ்சா இதுங்கள கெணத்தாண்டகூட சேக்க மாட்டாங்க."

எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

தெரு சும்மா இருக்குமா? எங்கே போனாள் என்று துளைத்தார்கள். நெல்லூரில் அண்ணன் வீட்டுக்குப் போனாள், அங்கே வாந்திபேதியில் செத்துப்போனாள் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளிடமும் அதையே சொன்னேன். சின்ன வாய் உளறிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். "எங்கம்மாவுக்கு யாரு கொள்ளி வெச்சாங்க?" என்று சரோஜா கேட்டாள். "உங்க மாமா" என்றேன். வாய் கொஞ்சமும் கூசவில்லை.

இரண்டு வருஷம் எப்படியோ ஓட்டினோம். என் பிள்ளைகள் இரண்டோடு நாலு வாய். ஐம்பத்து நாலாம் வருஷம் ஐப்பசி மழை பிடித்தது பாருங்கள், விடவே இல்லை. உப்புப் பாத்தியெல்லாம் குளமாகிவிட்டது. மழை பெய்தால் அளம் கிடையாது, அளம் இல்லாவிட்டால் கூலி கிடையாது. பித்தளைக் குடம் போயிற்று, என் கம்மல் போயிற்று. நாலு பிள்ளைகளுக்கும் ஒரு வேளைக் கஞ்சிதான். ஏழுமலைக்குப் பசியில் முகம் ஊதிவிட்டது.

"ரெண்டையும் மெட்ராசுல எதுனா அனாத விடுதியில வுட்டுடலாம் எஸ்தரு. நம்மால ஆவாது" என்றார் என் புருஷன். அவர் கெட்டவர் இல்லை. சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

நான் போதகரிடம் ஓடினேன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வளர்க்கிறவர்களுக்குச் சபை நிதியில் மாதம் ஐந்து ரூபாய் உண்டு என்றார். தாய் இறந்துவிட்டாள், தகப்பன் ஓடிப்போய்விட்டான் என்று ஒரு பேப்பரில் எழுதி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கைநாட்டு வைக்கச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் சொன்ன பொய் வேறு. தேவனுடைய ஆலயத்தில் கைநாட்டு வைப்பது வேறு. வைக்காவிட்டாலோ பிள்ளைகள் போய்விடும்.

சனிக்கிழமை காலையில் அடுப்படியில் முழங்கால் போட்டேன். மரியாதையாகக்கூட ஜெபிக்கவில்லை. "இந்த மழைய நிறுத்து, இல்ல துட்டு குடு. யார் கையால குடுத்தாலும் வாங்கிக்கிறேன்" என்று சண்டை போட்டேன். மழை நிற்கவில்லை.

பத்து மணி இருக்கும். கொஞ்சம் தூறலாக இருந்தபோது நானும் சரோஜாவும் கிணற்றடியில் இருந்தோம். தெருப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான். தபால்காரர் குடையோடு வந்தார். "எஸ்தரம்மா, உனக்கு மணியார்டர். பன்னெண்டு ரூபா." எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவரே உரக்கப் படித்தார். அனுப்பியவர் கன்னியம்மா. ஆஸ்பத்திரியின் பேரையும் முழுசாகப் படித்துவிட்டார்.

கயிறு இழுக்கிற சத்தம்கூட நின்றுபோயிற்று.

"இன்னாடி இது, அவ செத்துட்டான்னியே!" என்று யாரோ கத்தினார்கள்.

சரோஜா குடத்தை மெதுவாக இறக்கி வைத்தாள். "எங்கம்மா பேர இன்னொரு வாட்டி படிங்க" என்றாள். அவர் படித்தார். "இன்னொரு வாட்டி" என்றாள். நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

"பெருவியாதிக்காரி காசு, தொடாத!" என்றாள் ஒருத்தி. யார் கையால் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று காலையில் சொன்ன என் கை, அன்பானவர்களே, பின்னால் போயிற்று. அதை மறைக்க மாட்டேன். "அவ தொட்ட நோட்டு செங்கல்பட்டுலியே நின்னுருக்கும்மா. இது நம்ம தபாலாபீசு நோட்டு" என்று தபால்காரர் சிரித்தார். சரோஜாதான் கை நீட்டி வாங்கினாள். அதற்குப் பிறகு நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

போதகரிடம் போய் எல்லாவற்றையும் அழுது சொன்னேன். பேப்பரைக் கிழித்துப் போட்டார். தெருக்காரர்கள் கிணற்றடியில் எங்களைச் சேர்க்கவில்லை. பள்ளிவாசல் தெரு பாத்திமா அக்கா, "எங்க வூட்டுக் கெணத்துல மொண்டுக்கோ, எவ கேக்குறான்னு பாக்குறேன்" என்றாள்.

மழை விட்டதும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருப்போரூரில் பஸ் மாறிச் செங்கல்பட்டுக்குப் போனேன். கன்னியம்மா தள்ளி நின்றே பிள்ளைகளைப் பார்த்தாள். சரோஜாதான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"செத்துட்டன்னு ஊருக்கே சொல்லி உன்ன நான் சாவடிச்சிட்டேன் கன்னியம்மா" என்று அழுதேன்.

"புள்ளைங்க நல்லாருக்கணும்னுதான சாவடிச்ச? வுடு. கருமாதிக்கு வடையாச்சும் சுட்டியா?" என்று சிரித்தாள்.

"கடுதாசியே போடாதன்னேன். இன்னான்னு துட்டு அனுப்புன?"

"இங்கயும் மழ கொட்டிக்கினே இருந்திச்சி. அளம் மூடியிருக்கும், தேவசகாயம் அண்ணனுக்குக் கூலி இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? இங்க பாய் பின்னுன கூலி கொஞ்சம் இருந்திச்சி. ஊருக்குத் தெரிஞ்சா தெரியட்டும், புள்ளைங்க துன்னட்டும்னு அனுப்பிட்டேன்."

எந்த மழையை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டேனோ, அந்த மழைதான் அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறது. நான் கேட்பதற்கு முன்பே அவர் அதை நிறுத்தியிருந்தால்?

அதன் பிறகு மாதாமாதம் அவளால் ஆனது வந்தது. பிள்ளைகள் எங்கேயும் போகவில்லை. போன தை மாதம், வியாதி இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த காகிதத்தோடு கன்னியம்மா திரும்பி வந்தாள். இரண்டு வீட்டுக்கும் இப்போது ஒரே அடுப்பு. நான் பொய் சொல்வதை விட்டேன். ஆண்டவருக்கு வழி சொல்லிக் கொடுப்பதையும் விட்டேன்.

நெருக்கத்தில் இருக்கிறவர்கள் தைரியமாய்க் கேளுங்கள், அவர் கொடுப்பார். கொடுக்கும் கை எது என்று பார்த்து என்னைப்போல் பின்வாங்காதீர்கள். கன்னியம்மாவின் விரல்கள் இரண்டு மடங்கித்தான் இருக்கின்றன. அந்தக் கையால் அவள் வைக்கும் மீன் குழம்பைத்தான் நாங்கள் ஏழு பேரும் சாப்பிடுகிறோம். நம் சபையில் ஒருவரும் இன்னும் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாருங்கள். இலை போட்டு வைத்திருப்போம்.