பாலியில் ஒரு ஊரடங்கு

போன ஞாயிற்றுக்கிழமை ரெக்ஸ்டேலில் இருந்து என் மைத்துனன் சுதன் வந்திருந்தான். கையில் ஒரு கொப்பி, பேனா. பக்கத்தில் புது மனைவி. கல்யாணம் முடிந்து ஆறு கிழமைதான் ஆகிறது. ஹனிமூனுக்குப் பாலித் தீவு என்று இரண்டு பேருமாக முடிவு செய்துவிட்டார்கள்.

"அத்தான், நீங்கள் போயிட்டு வந்தனீங்கள்தானே. கடற்கரை எங்களுக்கு வேண்டாம். கிராமங்கள் பாக்கவேணும். எங்கெங்க போறது எண்டு சொல்லுங்கோ, எழுதுறன்."

கனடாவில், ஸ்காபரோவில் பதினேழாம் மாடியில் இருந்துகொண்டு பாலிக்கு வழி சொல்லும் சந்தர்ப்பம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? விடுவேனா? தேத்தண்ணியைத் தள்ளி வைத்துவிட்டுத் தொடங்கினேன்.

கிழக்குப் பக்கம் போ என்றேன். சிடமென் என்று ஒரு பள்ளத்தாக்கு. படிப்படியாக இறங்கும் வயல்கள், நடுவில் ஆறு, எதிரே அகுங் என்ற எரிமலை. விடியற்காலையில் எழும்பினால்தான் மலையைப் பார்க்கலாம். எட்டு மணிக்கு முகில் வந்து மூடிவிடும். வீட்டுக்கு வீடு தறி போட்டிருப்பார்கள் - சரிகைத் துணி நெய்கிற சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். அங்கிருந்து தெங்கானானுக்குப் போகலாம். சுற்றிவர மதில் கட்டிய பழைய கிராமம். அங்கே ஒரே ஒரு சால்வையை முடிக்க வருஷக்கணக்காகும், விலையைக் கேட்டுவிட்டு மெதுவாக வெளியே வந்துவிடு. பிறகு தீர்த்தகங்கை... பெயரைப் பார்த்தாயா? நம்முடைய பெயர்தான். அரண்மனைக் குளம். தண்ணீருக்குள் போட்ட கல்லில் கால் வைத்து நடக்கலாம், காலடியில் பெரிய பெரிய மீன்கள்.

சுதன் மளமளவென்று எழுதினான். நானும் ஒரு சுற்றுலாக் கம்பனி முதலாளி ரேஞ்சில் பேசிக்கொண்டிருந்தேன்.

மேசையில் படம் கீறிக்கொண்டிருந்த என் மகள் ஆரணி நிமிர்ந்தாள். எட்டு வயது.

"அப்பா, டெல் தெம் த பிரேயிங் ஸ்டோரி!"

குசினியில் என் மனைவி ரஞ்சி தண்ணீர்க் குழாயைப் பூட்டியது எனக்குக் கேட்டது.

"அது பிறகு சொல்லலாம் குஞ்சு," என்றேன்.

மூன்று வருஷமாக நான் இதை எவருக்கும் சொன்னதில்லை. கிழமைக்குக் கிழமை என் புலம்பல்களைப் பொறுமையாக வாசிக்கிற உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

கனேடியப் பாஸ்போர்ட் கிடைத்த பிறகு நாங்கள் செய்த முதல் பயணம் அது. சிங்கப்பூரில் ஒரு கல்யாணம். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பக்கத்தில்தானே என்று பாலிக்குப் போனோம். ஆரணிக்கு அப்போது ஐந்து வயது. சிடமெனில் மடே என்பவரின் வீட்டு வளவில் ஒரு அறை எடுத்தோம். மடே நல்ல மனிதர். ஆங்கிலம் கொஞ்சம், சிரிப்பு நிறைய.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பின்னேரம் தெருவில் ஒரே ஆரவாரம். சட்டி பானையைத் தட்டுகிறார்கள். கோரைப்பல் வைத்த பேய்ப் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மூங்கிலில் வெடி வேறு... டும், டும்! முதல் வெடிக்கே ரஞ்சி பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள். நான் போகவில்லை. இடம் இருக்கவில்லை.

ஆரவாரம் முடிந்ததும் மடே வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

"நாளைக்கு வெளியே இல்லை. ரோட் இல்லை. நெருப்பு இல்லை. விளக்கு இல்லை. சத்தம் இல்லை. விடிந்து, அடுத்த விடியும் வரை. காவல்காரர்கள் சுற்றி வருவார்கள்."

நீங்கள் என்ன நினைப்பீர்களோ தெரியாது. யுத்தத்துக்குள் வளர்ந்த எனக்கும் ரஞ்சிக்கும் இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

மடே போனதும் வேலையைத் தொடங்கினோம். அவள் வாளி முழுக்கத் தண்ணீர் நிரப்பினாள். நான் பாஸ்போர்ட்டுகளையும் காசையும் ஒரு பையில் போட்டேன். அவள் பிஸ்கட்டுகளை எண்ணி மூன்றாகப் பிரித்தாள். நான் கட்டில் விரிப்பை எடுத்து யன்னலை மூடினேன். மூன்று சோடிச் சப்பாத்தும் கட்டிலடியில், வாசலைப் பார்த்தபடி. கனடாவில் பத்து வருஷம் இருந்தும் கை ஒன்றையும் மறக்கவில்லை.

விடிய வந்து பார்த்த மடே அசந்துபோனார். வெள்ளைக்காரர்கள் வந்தால் லைட் போடாதே, சிகரெட் பற்றவைக்காதே என்று நாள் முழுக்கக் கெஞ்ச வேண்டுமாம். நாங்களோ சொல்லாமலே யன்னலைக் கூட மூடி வைத்திருக்கிறோம்! மனைவியைக் கூட்டிவந்து எங்களைக் காட்டினார். தன் வாழ்நாளில் இப்படி விருந்தாளிகளைக் கண்டதில்லையாம்.

அப்போதுதான் தாழ்ந்த குரலில் விளக்கம் சொன்னார். அது அவர்களுடைய வருஷப் பிறப்பு. ஞெப்பி என்று பெயர். முதல் நாள் சத்தம் போட்டுப் பேய்களை எழுப்புவார்கள். மறுநாள் ஊர் முழுக்க மூச்சுக் காட்டாமல் இருக்கும். பேய்கள் வந்து பார்த்து, இங்கே ஒருவரும் இல்லையென்று நம்பித் திரும்பிப் போய்விடுமாம்.

எங்களுடைய உத்தியும் அதேதான். ஆனால் எங்களிடம் வந்தவை வீட்டுக்குள்ளேயும் வந்து பார்த்தன.

விளக்கம் கிடைத்துவிட்டது. பயம் போய்விட்டதா? மூளை சொன்னது, இது திருவிழா என்று. வயிறு கேட்கவில்லை. தெருவில் நாய்களைத் தவிர நடமாட்டம் இல்லை. இடைக்கிடை காவல்காரரின் செருப்புச் சத்தம் வரும், எங்கள் வாசல் படலையடியில் கொஞ்சம் நிற்கும், போகும்.

பின்னேரம் ஆரணிக்கு இழுப்பு வந்தது.

அவளுக்கு ஆஸ்துமா. வாயில் அடிக்கிற மருந்துப் பம்பைத் தேடினோம். பையைக் கொட்டினோம், பெட்டியைக் கொட்டினோம். சிடமெனுக்கு வருமுன் தங்கிய கடற்கரை ஹோட்டலில், குளியலறைத் தட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ரஞ்சி அல்ல, நான். இருட்டத் தொடங்கியபோது பிள்ளையின் நெஞ்சு விசில் அடித்தது. உதடு வெளிறியது. ஒவ்வொரு மூச்சுக்கும் அவளுடைய சின்னத் தோள்கள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. மடேயின் கதவைத் தட்டிப் பார்த்தோம், பலமாகத் தட்டப் பயம்; அவருக்குக் கேட்கவில்லை.

"இஞ்சாருங்கோ, வெளியில போய் ஆரையும் கூப்பிடுங்கோ," என்றாள் ரஞ்சி.

நான் படலை வரைக்கும் போனேன். கொளுக்கியில் கை வைத்தேன். திறக்க முடியவில்லை.

ஊரில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வாத்தியார் இருந்தார். ஊரடங்கு நேரத்தில், வெளியே கட்டியிருந்த மாட்டைக் கொண்டுவரப் படலையைத் திறந்தார். மாடு மட்டும் தனியாகத் திரும்பி வந்தது. அதைப் படலை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது எனக்கு முன்னால் இருந்ததும் ஒரு படலை. எனக்குப் பின்னால் என் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கால் நகரவில்லை.

ரஞ்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "நீங்கள் நில்லுங்கோ. நான் போறன்."

கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கும் அந்த வாத்தியாரைத் தெரியும். அதனால்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. பையில் இருந்து என் பாஸ்போர்ட்டை உருவிக்கொண்டு படலையைத் திறந்தேன். நான் முன்னுக்கு, அவள் பின்னுக்கு.

பத்தடி போயிருக்க மாட்டோம். முகத்தில் டோர்ச் வெளிச்சம்!

என் கைகள் என்னிடம் கேட்கவில்லை. இரண்டும் தலைக்கு மேலே போய்விட்டன. விரல்களுக்கு நடுவே பாஸ்போர்ட். அது வழுக்கி விழப் பார்த்தது, விழாமல் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரும், வரும் என்று நின்றேன்.

சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தால்... எதிரே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி உடுத்த ஒரு மனிதர். தடியையும் டோர்ச்சையும் கக்கத்தில் இடுக்கிவிட்டு, இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்! பாலியில் சாமி கும்பிடுகிறவர்கள் விரல் நுனியில் ஒரு பூவைப் பிடித்துக் கையைத் தலைக்கு மேலே தூக்குவார்கள். அந்தப் புனித நாளில், இருட்டில், நடுத்தெருவில் நின்று ஒரு வெளிநாட்டுக்காரன் தன் ஊரை வணங்குகிறான் என்று அவர் நினைத்திருக்கிறார். என் பாஸ்போர்ட்டைப் பூவென்று நினைத்தாரோ என்னவோ.

பிறகு பிள்ளையின் நெஞ்சுச் சத்தம் அவருக்குக் கேட்டது. ஒரு கேள்வி கேட்கவில்லை. ரஞ்சியிடம் இருந்து ஆரணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார், ஓட்டமும் நடையுமாக. காவல்காரன் ஒருவன் என் பிள்ளையை இருட்டுக்குள் கொண்டு போகிறான் - அந்தப் பயம் முந்தியதை விடப் பெரியது. பின்னாலேயே ஓடினேன். அவரோ டோர்ச்சை நிலத்தில் அடித்து, எனக்குக் கால் வைக்க வழி காட்டிக்கொண்டே போனார்.

ஆறு வீடு தள்ளி ஒரு நர்ஸ் அம்மா. யன்னல், கதவு எல்லாம் சாரத் துணியால் மூடிய அறை, உள்ளே ஒரு சின்ன விளக்கு. உயிருக்கு ஆபத்தென்றால் அன்றைக்கு வீதிக்கு வரலாமாம், காவல்காரரே துணைக்கு வருவாராம். அது எங்களுக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. ஊரடங்கில் விதிவிலக்குக் கேட்கிற பழக்கம் எங்களுக்கு எங்கே இருந்தது? நர்ஸ் அம்மா ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் விசில் அடங்கியது. பிள்ளை தண்ணீர் கேட்டாள். நான் சுவரோடு சாய்ந்து அழுதேன்.

அந்த மனிதர் அது வரைக்கும் வெளியே இருட்டில் குந்திக்கொண்டிருந்தார். எங்களை அறை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். பெயர்கூடத் தெரியாது.

இதையெல்லாம் நான் சுதனுக்குச் சொல்லவில்லை. சொன்னது ஆரணி. அவளுக்குத் தெரிந்த மாதிரி, தமிழும் இங்கிலீஷும் கலந்து, நடித்துக் காட்டி. அம்மாவின் தோளில் இருந்து பார்த்தவள் அல்லவா?

"போலீஸ்மன் வந்தவர். அப்பா இப்பிடிக் கையைத் தூக்கி, கோயில்ல அரோகரா சொல்லுவினமே, அப்பிடிப் பிரே பண்ணினவர். தென் ஐ காட் பெட்டர்!"

சுதனின் மனைவி சிரித்தாள். அவள் சின்ன வயதிலேயே கனடாவுக்கு வந்த பிள்ளை. சுதன் சிரிக்கவில்லை. அவன் இருபது வயது வரைக்கும் ஊரில் இருந்தவன். கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்த்தான்.

"அத்தான்... அது கும்பிட்டதோ?"

குசினி வாசலில் ரஞ்சி நின்றாள். மேசையில் ஆரணி, இரண்டு கையும் இன்னும் தலைக்கு மேலே, முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஓம்," என்றேன். "கும்பிட்டதுதான்."

இரண்டு கையையும் உயர்த்துவதற்கு என் மகளுக்கு அந்த ஒரு காரணம்தான் தெரியும். அதை நான் ஏன் திருத்த வேண்டும்?