வேன் கதவில் கட்டியிருந்த கம்பி

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். துணியில் கடுகளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அந்தக் கண்ணின் லட்சணத்தைக் கேளுங்கள்.

ஞாயிறு மாலைகளில், கைவிடப்பட்ட பழைய வண்டிகளைப் படமெடுப்பது என் கிறுக்கு. போன மாதம் பொங்கலூர் பக்கம் ஒரு தோட்டத்தில் சக்கரமில்லாத வேன் ஒன்று நின்றது. பின்கதவைத் திறந்தால், முன்கண்ணாடி வழியாக மறையும் சூரியன் தெரியும் என்று தோன்றியது. கதவில் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்தேன்.

உள்ளிருந்து நான்கு ஆட்டுக்குட்டிகள் என் மேலேயே தாவி ஓடின. வேலியோரம் படுத்திருந்த இரண்டு தெருநாய்கள் பின்னாலேயே பாய்ந்தன. நானும் ஓடினேன். நாயை விரட்டினேனா, நாயோடு சேர்ந்து ஓடினேனா என்று எனக்கே தெரியாது. தோட்டத்துக்கார அக்கா தடியோடு வந்துதான் காப்பாற்றினார். ஒரு குட்டிக்கு மட்டும் காலில் கடி.

"ஏனுங்க, நாய்க்குப் பயந்துதான் வண்டிக்குள்ள அடைச்சு வெச்சிருக்கறனுங்க. புதுக்கம்பி கட்டியிருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"யாருமில்லாத வண்டின்னு நெனச்சேனுங்க."

"உங்க ஊட்டுக் கதவ நான் வந்து இப்படித் தொறந்தா சும்மா இருப்பீங்களா?"

மறுநாள் லீவு போட்டு, கடிபட்ட குட்டியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.

இதை எங்கள் போட்டோ குழுவில் சொன்னால், "குட்டிங்க தாவுனத எடுத்தியா?" என்று கேட்கிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது! துருப்பிடித்த பொருளுக்கெல்லாம் சொந்தக்காரர் கிடையாது என்று நமக்கு யார் சொன்னது?

இப்போது வண்டி யாருடையது என்று முதலில் அதன் பக்கத்து வீட்டில் கேட்கிறேன். ஆளில்லையென்றால் மூடிய கதவோடுதான் படம்.