உள்ளே ஒன்றுமில்லாத கிட்டார்

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சரி என்று சொல்ல எடுத்துக்கொண்டது பத்து நிமிடம். ஒரு கிட்டாரைப் பார்த்துச் சரி என்று சொல்ல ஏழு மாதம். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கு அப்போது சிரிப்பா வந்தது? பற்றிக்கொண்டுதான் வந்தது.

அவர் தகர டப்பா செய்கிற தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். தகடு உள்ளே போகும், மேலிருந்து இரும்பு இறங்கும், டமால் என்று ஒரு பெயின்ட் டப்பா மூடி வெளியே விழும். நிமிடத்துக்கு நாற்பது மூடி, இருபத்திரண்டு வருடமாக. கூட வேலை செய்கிறவர்கள் அவரை ‘மூடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ‘மூடி’ கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு என் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். தம்பி பஸ் டிப்போவில் மெக்கானிக், டிரம்ஸ் வாசிப்பான். பாடுகிறவர் ஒருத்தர், கீபோர்டு ஒருத்தர் என்று மொத்தம் நாலு பேர். தம்பி வீட்டுக் கார் ஷெட்டில் கூடி வாசிப்பார்கள். பிறந்தநாள், பணி ஓய்வு விழா, அலுவலக ஆண்டு விழா என்று மாதத்துக்கு ஒன்றிரண்டு பேர் கூப்பிடுவார்கள். பெரிய வருமானம் ஒன்றும் இல்லை. ஆனால் ஞாயிறு மாலை திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாரம் முழுக்க மூடி அடித்த மனுஷன் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அவரிடம் இருந்தது முழுக்கக் கட்டையால் ஆன எலெக்ட்ரிக் கிட்டார். பன்னிரண்டு வருடம் அதில்தான் வாசித்தார். திடீரென்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, “எனக்கு இது சரிப்படலை. உள்ள காலியா இருக்கிற கிட்டாரா ஒண்ணு வாங்கணும்” என்றார்.

“உள்ள காலியா இருக்கிறது ஏற்கெனவே ஒண்ணு வீட்டுல இருக்கே, கழுத்துக்கு மேல” என்றேன் நான்.

வழக்கமாக இப்படி ஒன்று சொன்னால் பதிலுக்கு ஒன்று வரும். அன்றைக்கு வரவில்லை. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் கடைக்குப் போவதும் வெறுங்கையோடு வருவதுமாக இருந்தார். இது கனம், அது மெல்லிசு, இன்னொன்று விலை ஜாஸ்தி என்று ஏதாவது ஒரு நொட்டை.

எனக்கு அவர் மேல் வேறு கோபங்களும் இருந்தன. டிவியை ஊரே கேட்கிற மாதிரி வைப்பார். நான் சமையலறையிலிருந்து கத்துவேன், கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒருமுறை ரோஷம் வந்து ஐந்து நாள் அவரோடு பேசவே இல்லை. ஆறாம் நாள் காலையில், “உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஐந்து நாள் நான் வாயைத் திறக்காததையே மனுஷன் கவனிக்கவில்லை! இவருக்கு நான் ஒரு பொருட்டே இல்லை என்று குளியலறையில் போய் அழுதேன்.

இந்த நேரத்தில்தான் தம்பி என் ஆஸ்பத்திரிக்கே வந்தான். நான் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள்.

“அக்கா, மாமா தாளத்தை விட்டு ஓடுறாரு. நான் குச்சியைத் தட்டி ஆரம்பிச்சு வைக்கிறேன், அவர் பாதிப் பாட்டுக்கு முன்னாடி போயிடறாரு, இல்லேன்னா பின்னாடி தங்கிடறாரு. போன நிகழ்ச்சியில மானம் போச்சு. மத்த ரெண்டு பேரும் வேற ஒரு பையனைப் பார்த்து வெச்சிருக்காங்க. அடுத்த மாசம் ஒரு தலைமையாசிரியர் ஓய்வு பெறுற விழா இருக்கு. அதுலயும் இப்படியேன்னா என்னால தடுக்க முடியாது.”

“ஏண்டா, உனக்கு முதல் டிரம்ஸ் வாங்கிக் குடுத்தது யாருடா?”

“அதனாலதான்கா இத்தனை நாள் பொறுத்தேன். மாமாகிட்டயும் சொல்லிட்டேன்” என்றான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, ஏழு மாதமாக அவர் தேடுவது கிட்டாரை இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு வழி தேடிக்கொண்டிருக்கிறார் என்று. ஆனால் கிட்டாரை மாற்றினால் தாளம் எப்படி வரும்? அது மட்டும் புரியவில்லை. அடுத்த சனிக்கிழமை தம்பியையும் இழுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். இன்றைக்கு வாங்காமல் படி இறங்குவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

கடை மாடியில் இருந்தது. எங்கள் பணத்துக்கு அடங்குவது மூன்றுதான் என்று கடைக்காரர் மூன்றையும் இறக்கி வைத்தார். ஒன்று, பழையது போலவே முழுக்கட்டை. இரண்டாவது, இரண்டு பக்கமும் குடைந்து நடுவில் மட்டும் நீளமாக ஒரு கட்டை விட்டது. மூன்றாவது வெறும் கூடு. மேல்பலகையில் வளைவாக வெட்டிய இரண்டு துளை வழியாகப் பார்த்தால் அடிப்பலகை தெரிந்தது. விலையும் அதுதான் குறைவு.

“அது ஏன் அவ்வளவு மலிவு?” என்றேன்.

“தந்திச் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் மட்டம்மா. அதோட பாடி முழுக்கக் காத்து. ஸ்பீக்கர் சத்தம் திரும்ப அதுக்குள்ளேயே பூந்து விசில் அடிக்க ஆரம்பிச்சிரும். நடுவுல கட்டை இருக்கிறது அப்படி அடிக்காது. சின்ன மேடைக்கு அதுதான் தோது” என்றார் கடைக்காரர். நல்ல மனுஷன், மறைக்காமல் சொன்னார்.

என் வீட்டுக்காரர் எதையும் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. மூலையில் இருந்த டிரம்ஸைக் காட்டி, “மச்சான், நீ பாட்டுக்கு அடி” என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கிட்டாரை நெஞ்சோடு இறுக்கி அணைத்து, அதன் விளிம்பில் தாடையைப் பதித்துக்கொண்டார். இப்படி ஒருத்தர் கிட்டார் வாசித்து நான் பார்த்ததில்லை. முழுக்கட்டையில் நாலாவது சுற்றிலேயே தாளம் கழன்றது. இரண்டாவதில் கொஞ்சம் தாக்குப்பிடித்தார். மூன்றாவதில் ஆணி அடித்த மாதிரி நின்றார். தம்பி வேகத்தைக் கூட்டினான், குறைத்தான். இவர் அசையவில்லை.

“அட மாமா! இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?” என்று தம்பி கத்தினான்.

கடைக்காரர், “இருங்க, இதோட வண்டவாளத்தையும் பார்த்துடுங்க” என்று சத்தத்தைக் கூட்டினார். அவ்வளவுதான். கீ...ச் என்று ஒரு விசில் கிளம்பியது பாருங்கள், எனக்குப் பல் கூசிவிட்டது. தம்பி குச்சியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினான். கடைக்காரரும் பொத்திக்கொண்டார். கீழே தெருவில் போனவர்கள்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

இவர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடி, தாடையைப் பலகையில் பதித்து, சிரித்த முகமாக.

நான் எழுந்து போய்த் தந்திகளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். விசில் நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“என்ன, நல்லாயில்லையா?” என்றார்.

இன்னும் காதைப் பொத்தியிருந்த தம்பி முகத்தைப் பார்த்தார், கடைக்காரர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கிட்டாரை மெதுவாக நாற்காலியில் சாத்திவிட்டு, “விசில் அடிச்சுதா?” என்றார்.

படிக்கட்டில் உட்கார வைத்துக் கேட்டேன். மூன்று வருடமாகவாம். கீச்சுக் குரல், குக்கர் விசில், தம்பி தட்டுகிற குச்சி, டிரம்ஸில் அந்தத் தட்டுச் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை காது சோதிக்கிறார்கள், சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அங்கே பொத்தானை அழுத்துகிறவரின் விரலை ஓரக்கண்ணால் பார்த்துக் கையைத் தூக்கியிருக்கிறார். உள்ளே காலியான கிட்டாரைக் கட்டிக்கொண்டால் பெரிய டிரம்மின் அதிர்வு பலகை வழியாக நெஞ்சில் தெரிகிறது, அதை வைத்து வாசித்துவிடலாம் என்று கடை கடையாகப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

“என்கிட்ட ஏங்க சொல்லலை?”

“சொன்னா நீ பாவம் பார்ப்பே. திட்டறது நின்னுடும். நீ திட்டறது மட்டும் எனக்கு நல்லாப் புரியும், மூஞ்சியைப் பார்த்தாலே போதும்.”

நடக்கிற நடையை வைத்தே எந்தக் கண்ணில் கோளாறு என்று சொல்லிவிடுவேன் என ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. என் வீட்டுக்குள் ஒரு மனுஷனுக்குக் காது போனது தெரியவில்லை. என்னையே நாலு சாத்து சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர், “நடுவுல கட்டை இருக்கிறதையே வாங்கிடுவோம். விசில் அடிச்சா எனக்குத் தெரியாதே, மேடையில அசிங்கமாயிடும்” என்றார்.

“அதுல தாளம் தெரியுதா?”

“பாதி தெரியுது.”

“பாதிக்கா ஏழு மாசம் அலைஞ்சீங்க? அந்தக் கூட்டையே வாங்குங்க. நான் எதிர்ல உட்கார்ந்துக்கறேன். விசில் அடிச்சா வலது கையைத் தூக்கறேன், நீங்க சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க. என் காது நல்லாத்தானே இருக்கு?”

தம்பி ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. “மத்தவங்ககிட்ட நான் பேசறேன். இந்த ஒரு நிகழ்ச்சி பார்ப்போம்கா” என்றான்.

அடுத்த வாரமே அவரைக் காது டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனேன். காதுக்கு மெஷின் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். விழாவுக்கு இருந்தது இரண்டு வாரம்.

விழா அன்றைக்கு முன்வரிசையில், அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்தேன். முதல் பாட்டிலேயே விசில் லேசாக முனகியது. கையைத் தூக்கினேன், கிட்டாரில் சத்தத்தைக் குறைக்கிற குமிழை அவர் திருகினார், அடங்கியது. மூன்றாவது பாட்டில் இன்னொரு தடவை. பக்கத்திலிருந்த அம்மாள், இவள் எதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்குகிறாள் என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஐந்தாவது பாட்டில் நடுவில் பாடகர் ஒதுங்கிக்கொள்ள, கிட்டார் மட்டும் தனியாக வாசிக்கிற இடம் வந்தது. தாளத்தை விட்டு ஒரு முடிகூட விலகாமல் வாசித்தார். கீபோர்டுக்காரர் திரும்பித் தம்பியைப் பார்த்துத் தலையாட்டினார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. கையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்தேன்.

அவர் குமிழைத் திருகினார். எனக்கு அழுகை நிற்கவில்லை, மறுபடி துடைத்தேன். மறுபடி திருகினார். மூன்றாவது துடைப்பில் கிட்டார் சத்தமே சுத்தமாக நின்றுபோனது. டிரம்ஸ் மட்டும் தொம்தொம் என்று போய்க்கொண்டிருந்தது. இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒருத்தருக்கும் கேட்காத கிட்டாரை அவர் ஆனந்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கூட்டச் சொல்வதற்கு நாங்கள் சைகை ஒன்றும் பேசி வைக்கவில்லை. கூட்டுங்க, கூட்டுங்க என்று கையை ஆட்டினேன். அவர் அதைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார்.

வேறு வழி? மேடை ஏறிப் போய் நானே குமிழைத் திருகினேன்.

“ஏன், விசில் அடிக்கலையா?” என்றார். காது மந்தமானவர்கள் சத்தமாகத்தானே பேசுவார்கள்? பாடகரின் மைக் பக்கத்திலேயே இருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது.

அவருக்குப் புரிய வேண்டும் என்று நானும் முகத்துக்கு நேராக, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். “விசில் இல்லைங்க, நான் அழுதேன். நீங்க அவ்வளவு நல்லா வாசிச்சீங்க.”

அதுவும் மைக்கில் போனது. பின்னால் டிரம்ஸ் தடுமாறி, ஒரு அடி விட்டு, இன்னொரு அடி விட்டு எங்கேயோ போனது. திரும்பிப் பார்த்தேன், தம்பி குச்சியோடு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இவர் கை நிற்கவில்லை. நெஞ்சில் கிட்டாரை இன்னும் இறுக்கிக்கொண்டு, தலையைப் பின்னால் திருப்பி, “மச்சான், தாளம் போகுது பாரு. என்னைப் பார்த்து வாசி” என்றார்.