ரெண்டாம் தடவை கரண்ட்

ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றுகிற டிரைவர் பயணியின் வியாதியை விசாரிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். விசாரித்துக் கெட்டவன் நான். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு அடுத்தவர் ரிப்போர்ட்டை எட்டிப் பார்க்கிறவர்களுக்கு என் பாடு புரியும்.

மலைமேல் இருக்கும் எமரால்டிலிருந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வேன் ஓட்டுகிறேன். என் மனைவி சரசுவுக்கு நுரையீரலில் கட்டி. இரண்டு வருடத்துக்கு முன்பு கரண்ட் வைத்துக் கரைத்தார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கட்டி அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது. மறுபடி வைக்க முடியுமா என்று டாக்டர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டி இருக்கும் இடம்

அப்போதுதான் கேத்தியில் கேரட் போடுகிற ராஜமாணிக்கம் வண்டியில் ஏறினார். அவருக்கும் நுரையீரல், அவருக்கும் திரும்பி வந்த கட்டி. ஆனால் அவருக்கு இரண்டாம் தடவை கிடைத்துவிட்டது. கட்டியை மட்டும் குறிவைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள், மொத்தம் ஐந்தே தடவை.

நல்ல இடத்தில் நிலம் வாங்கியவனைப் பார்த்து வயிறெரிந்தால் ஒரு நியாயம் உண்டு. நல்ல இடத்தில் கட்டி வந்தவனைப் பார்த்து எனக்கு எரிந்தது. சரசுவுக்கு இருப்பது நடு நெஞ்சில், மூச்சுக்குழாயை ஒட்டி. உங்களுக்கு மட்டும் எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டே விட்டேன். சாவகாசமாகச் சொன்னார்: "எனக்கு ஓரத்துல இருக்குதுங்க. நடுவுல இருந்தா யோசிப்பாங்களாமுங்க."

மூச்சுப் பயிற்சி

கரண்ட் வைக்கும்போது மூச்சு விட்டால் கட்டி நகருமாம். அதனால் மூச்சை அடக்கிப் பழகச் சொல்லியிருந்தார்கள். மனுஷன் அதைக் குன்னூர் மலைப்பாதையில் பழகினார். கொண்டை ஊசி வளைவு வந்ததும் இழுத்துப் பிடிப்பார், வளைவு முடிந்ததும் விடுவார்.

மூன்றாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. வளைவுகளில் மாட்டு வண்டி வேகத்தில் போனேன். அவர் தோற்கட்டும் என்றுதான். முகம் சிவக்கச் சிவக்க அத்தனை வளைவையும் அடக்கிவிட்டு, இறங்கும்போது என் தோளைத் தட்டினார்: "நீங்க மெதுவா ஓட்டுனதுல நல்லாப் பழகிருச்சுங்க. இன்னிக்குப் பாஸ் பண்ணிருவேன்."

முன் சீட்

வளைவில் குமட்டும் என்பதால், அன்று கரண்ட் வைத்துக்கொண்டவருக்கு முன் சீட் என்பது என் வண்டியின் வழக்கம். அவருடைய ஐந்தாவது தடவையன்று சரசுவும் முடிவு கேட்க வந்திருந்தாள். போன தடவை வைத்ததையே அந்த இடம் கஷ்டப்பட்டுத்தான் தாங்கியிருக்கிறது, இன்னும் வைத்தால் மூச்சுக்குழாய் தாங்காது என்று சொல்லி, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

வண்டிக்கு வந்தோம். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே ராஜமாணிக்கத்துக்குப் புரிந்துவிட்டது. சரசுவுக்காக முன் சீட்டிலிருந்து இறங்கினார். நானும் வேண்டாமென்று சொல்லவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். சரசு பின்னால் ஏறிக்கொண்டே அவரிடம் சொன்னாள்: "நீங்களே உக்காருங்கண்ணா. எனக்கு மாத்திரைதானுங்களே, கொமட்டாது."

காரும் பங்களாவும் வைத்திருப்பவர்களை ஏற்றி இறக்கிய பதினெட்டு வருடத்தில் யார்மீதும் வராத பொறாமை, ஊர் வரும்வரை என் பக்கத்தில் வாய் பிளந்து தூங்கிய ஒரு கேரட் விவசாயிமீது வந்தது, இன்னும் இறங்கவில்லை.