மாமனாருக்கு வாய்த்த எதிர்க்கட்சி

எங்கள் வீட்டில் அவளுக்குப் பேச்சு டீச்சர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அழகான பெயர்தான், ஆனால் இந்த ஊரில் ஒருவர் வாயிலும் அது ஒழுங்காக நுழைந்ததில்லை. "ஊருக்கெல்லாம் பேசக் கத்துக்கொடுக்கிறேன், என் பேரை மட்டும் ஒருத்தருக்கும் கத்துக்கொடுக்க முடியலக்கா" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

நகராட்சி மருத்துவமனையில் வேலை. பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வாயைத் திறக்க வைப்பது. அப்படித்தான் என் மாமனார் அவளிடம் மாட்டினார். இல்லை, அவள்தான் இவரிடம் மாட்டினாள் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமனாரைப் பற்றிச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், தொழிற்சங்கச் செயலாளர். வாசல் கேட்டருகே நின்று பேசினால் மைக் இல்லாமலே பின்பக்க ஷெட் வரை கேட்கும். ஓய்வு பெற்றதும் அந்தக் குரல் அப்படியே எங்கள் தலையில் விடிந்தது. காபியில் சர்க்கரை குறைந்தால்கூடக் கண்டன உரைதான். இந்த மனிதர் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டாரா என்று நான் நினைக்காத நாள் கிடையாது. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். கையும் காலும் சில வாரங்களில் தேறின. வாய் தேறவில்லை. வீட்டில் சத்தமே இல்லை. எனக்கோ ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

டீச்சர் வீட்டுக்கே வந்தாள். சின்ன உருவம், பெரிய பை. பையிலிருந்து பட அட்டைகளை எடுத்து அவர் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தாள். பூனை. குடை. சாவி. டிப்போவையே வேலைநிறுத்தத்துக்குக் கிளப்பிய மனிதரிடம் பூனைப் படத்தைக் காட்டினால் என்ன ஆகும்? முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவளும் விடவில்லை, இவரும் அசையவில்லை. வாரக்கணக்கில் இப்படியே போனது.

கடைசியில் வழி விட்டது டிவிதான். அப்போது நாடு முழுக்க ஒரே பேச்சு. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு ஆட்கள் வருவதைக் குறைக்க வேண்டுமா, வந்தவர்களைச் சோதித்துத் திருப்பி அனுப்புவதை இறுக்க வேண்டுமா என்று எந்தச் சேனலைத் திருப்பினாலும் நாலு பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பார்கள். அன்று கோட்டுப் போட்ட ஒரு முதலாளி சொன்னார்: "நம்ம ஆளுங்களுக்கு உடம்பு வணங்கல. அதனாலதான் வெளியில இருந்து ஆள் கொண்டுவர்றோம்."

"பொய்!"

சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தேன். மாமனார் முகமெல்லாம் சிவந்து, நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அழுதே விட்டேன். டீச்சர் அழவில்லை. பட அட்டைகளைப் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தாள்.

"எது பொய்ங்கய்யா? முழு வாக்கியமாச் சொல்லுங்க."

அந்த அட்டைகள் பிறகு வெளியே வரவே இல்லை. அடுத்த முறை வரும்போது கையில் செய்தித்தாள் வைத்திருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே வாயைக் கிண்ட ஆரம்பித்தாள்.

"வெளியாளுங்க வரலைன்னா இந்த ஊர்ல வயசானவங்களை யாருங்கய்யா குளிப்பாட்டுவாங்க?"

"சம்... சம்பளம்... குடு. வருவான்."

"யார் வருவாங்க? முழு வாக்கியமா."

"ஒழுங்கா... சம்பளம் குடுத்தா... நம்ம ஆளே... வருவான்!"

மாமனாருக்குக் கோபம் வந்தால்தான் சொல் வரும் என்பதை அவள் அன்றே பிடித்துவிட்டாள். கோபத்தைக் கிளப்பும் விஷயமும் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. அவர் ஒரு பக்கம், இவள் மறுபக்கம். நான் காபி கொண்டுபோய் வைத்தால் இருவருக்கும் கண் தெரியாது. ஆறிப்போன காபியைத் திரும்ப எடுத்து வருவது என் தினசரி வேலையாகிவிட்டது.

அவர் சொல்வதிலும் விஷயம் இருந்தது. டிப்போ வேலைகளைக் காண்ட்ராக்டரிடம் விட்டபோது, அவன் வெளிநாட்டுப் பையன்களைக் கொண்டுவந்து ஒரே அறையில் அடைத்து, பாதிச் சம்பளத்துக்கு வேலை வாங்கினான். சங்கத்து ஆட்கள் வேலையிழந்து வீட்டுக்குப் போனார்கள். "அந்தப் பசங்க மேல... கோபம் இல்ல. கதவு திறந்திருக்கிற வரைக்கும்... காண்ட்ராக்டர் ராஜா." இதைச் சொல்லி முடிக்க அவருக்குப் பல நாள் பிடித்தது. அவளும் ஒவ்வொரு வார்த்தைக்கும் காத்திருந்தாள், குறுக்கே எடுத்துக்கொடுக்கவே மாட்டாள்.

அவள் சொல்வதிலும் விஷயம் இருந்தது. அந்தச் சண்டைகளில்தான் அவள் கதை எனக்குத் தெரியவந்தது. இடுப்பில் குழந்தையோடு இந்த ஊருக்கு வந்து, இதே மருத்துவமனையில் தரை துடைத்தவள். டயர் கடை மாடியில் ஓர் அறை. எங்கள் பாஷை ஒரு சொல் தெரியாது. வார்டில் காதில் விழுந்ததை அறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்ப்பாளாம், நாக்கு எங்கே போகிறது, உதடு எப்படிக் குவிகிறது என்று. நாமெல்லாம் பிறந்ததிலிருந்து பேசுகிறோம், நாக்கு எங்கே இருக்கிறது என்று எவருக்குத் தெரியும்? துடைப்பத்தோடு பேச்சுப் பயிற்சி அறை வாசலில் நின்று கேட்டுக் கேட்டு, மாலை வகுப்பில் சேர்ந்து அந்தப் படிப்பையே படித்துத் தேறினாள். பாஷையை வளர்ந்த பிறகு கற்றவள் என்பதால், அது தொலைந்துபோனவர்களின் கஷ்டம் அவளுக்குப் புரிந்தது.

மாமனாருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் வராமல் சண்டித்தனம் செய்தது. உழைப்பு. வாழ்நாளெல்லாம் மேடையில் முழங்கிய சொல், இப்போது "உயப்பு" என்று வந்தது. அதைச் சொல்லிவிட்டு அவரே கண்ணை மூடிக்கொள்வார். டீச்சர் உள்ளங்கையை மேலே காட்டி, விரல்களை மெல்லப் பின்னுக்கு மடக்கிக் காட்டுவாள். "நாக்கு இப்படிங்கய்யா. மேல ஒட்டக் கூடாது. மடக்கி நிறுத்துங்க." சில நாள் வரும், பல நாள் வராது.

இந்த நேரத்தில்தான் ஊர்க்கூட்டம் அறிவித்தார்கள். தீர்மானத்தில் மூன்று பிரிவு. வெளியிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதைக் குறைப்பது முதலாவது. நகராட்சியில் ஏற்கெனவே வேலை பார்க்கும் வெளியாட்களின் வேலை அனுமதியைப் புதுப்பிக்காமல் அனுப்பிவிடுவது இரண்டாவது. மருத்துவமனையிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஆட்களை நிறுத்தி அனுமதிச் சீட்டைச் சோதிப்பது மூன்றாவது. யார் வேண்டுமானாலும் பேசலாம், குடியுரிமை உள்ளவர்கள் மட்டும் கை தூக்கலாம். டீச்சரின் அனுமதி அந்த வருடத்தோடு முடிகிறது. இரண்டாவது பிரிவு நிறைவேறினால் அவளும் மகளும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மாமனார் தீர்மானத்தை ஆதரித்துப் பேசப் போவதாகச் சொன்னார். அதற்கு ஒத்திகை பார்த்துக்கொடுக்கும்படி அவளிடமே கேட்டார். அவளும் சரி என்றாள்!

"உங்களைச் சொல்லல டீச்சர். பொதுவாச் சொல்றேன்" என்றார்.

"பொதுவா யாரையும் வண்டியில ஏத்த முடியாதுங்கய்யா. யாரோ ஒருத்தரைத்தான் ஏத்தணும். சரி, ரெண்டாவது பத்தி. மூச்சை இழுத்துட்டு ஆரம்பிங்க."

அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உங்களைத் துரத்தச் சொல்லி அவர் பேசப்போறார், நீங்க அதுக்கு மூச்சு இழுக்கச் சொல்லித் தர்றீங்க!"

"வாயைத் திறக்க வைக்கிறதுதான் என் வேலைக்கா. எனக்குப் பிடிச்சதைச் சொன்னாத்தான் திறப்பேன்னா அது வைத்தியமா? நானும்தான் பேசப்போறேன். அவர் திணறி நின்னு நான் ஜெயிச்சா அதுல எனக்கு என்ன பெருமை?"

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"தூக்கமே வரலக்கா. என் பொண்ணுக்கு எங்க பாஷையில தண்ணி கேக்கக்கூடத் தெரியாது. அங்க போய் அவ என்ன பண்ணுவா?" என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி ஒத்திகைக்குப் போனாள். நான் பாத்திரங்களைப் போட்டு உருட்டி என் எதிர்ப்பைத் தெரிவித்தேன்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். மடக்கு நாற்காலிகள் போதாமல் சுவரோரம் நின்றார்கள். மாமனார் கைத்தடியோடு மேடையேறியதும் பழைய டிப்போக்காரர்கள் எழுந்து நின்றார்கள். இவர் பேச்சு போய்விட்டது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. அவர் ஆரம்பித்தார். நிதானமாக, மூச்சு இழுத்து, ஒவ்வொரு வாக்கியமாக. காண்ட்ராக்டர் கதை வந்தது, வாடகை ஏறிய கதை வந்தது. மண்டபம் மூச்சு விடாமல் கேட்டது. அவர் மீது எனக்கிருந்த கோபம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம்.

"நம்ம... நம்ம உ..."

நின்றுவிட்டது. மறுபடி முயன்றார். "உய..." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் காது மடல் சிவந்தது. அவ்வளவுதான், இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் இறங்கினால் தீர்மானத்துக்குப் பலம் குறையும், டீச்சருக்கு நல்லதுதானே என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

டீச்சர் முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையை மார்புக்கு நேராக உயர்த்தினாள். விரல்களை மெல்லப் பின்னுக்கு மடக்கினாள். மாமனார் அந்தக் கையைப் பார்த்தார்.

"நம்ம உழைப்புக்கு விலை வேணும்!"

கைத்தட்டலில் மண்டபம் அதிர்ந்தது. முதலில் தட்டியவள் அவள்தான். எனக்குக் கண் மறைத்தது.

அடுத்து அவள் மேடையேறினாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"ஐயா சொன்ன காண்ட்ராக்டர் கதை உண்மை. எனக்கு நல்லாத் தெரியும், அவர் வாயால ஒவ்வொரு வார்த்தையாக் கேட்டவ நான். ஆனா அந்தக் காண்ட்ராக்டரைச் சோதிக்கணும்னு இந்தத் தீர்மானத்துல ஒரு வரி இருக்கா? ஊசி போட வந்தவளைச் சோதிக்கிறீங்க, புள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்தவனைச் சோதிக்கிறீங்க. அவனை ஏன் விட்டீங்க? கதவைச் சாத்தணுமா வேண்டாமா, அது உங்க வீடு, நீங்க முடிவு பண்ணுங்க. ஆனா உள்ள நின்னு வேலை செஞ்சிட்டிருக்கிறவங்க கையைப் பிடிச்சு வெளிய இழுக்கிறதுக்குப் பேரு கதவு சாத்துறது இல்லைங்க."

கைத்தட்டல் இருந்தது, முணுமுணுப்பும் இருந்தது. கூட்டத்தலைவர் மணியடித்துக் கை தூக்கச் சொல்லப்போனார்.

"திருத்தம்!"

மைக் இல்லாமல், பின்பக்க ஷெட் வரை கேட்கும் அந்தப் பழைய குரல். எல்லாத் தலையும் திரும்பியது. மாமனார் எழுந்து நின்றிருந்தார்.

"முதல் பிரிவு, அதுல நான் மாறல. ஆளைக் குறைக்கணும். மூணாவது பிரிவு, சோதனையை இறுக்குங்க, ஆனா காண்ட்ராக்டர் வாசல்ல இறுக்குங்க. ரெண்டாவது பிரிவை அடிச்சுடுங்க."

"ஐயா, இப்பத்தானே நீங்க அதை ஆதரிச்சுப் பேசினீங்க?" என்றார் தலைவர்.

"பேசினேன். அப்புறம் அவங்க பேசினாங்க. அதுக்குத்தானே கூட்டம் போட்டீங்க? உழைக்கிறவங்களைக் கேட்டுக்கு வெளிய தள்ற தீர்மானத்துக்கு நான் கை தூக்கினதே இல்ல, இப்பவும் தூக்க மாட்டேன்." இந்த முறை அவர் எந்தக் கையையும் பார்க்கவில்லை. சொல் தானாக வந்தது. "அதுவும் இல்லாம, இவங்களை அனுப்பிட்டா நாளைக்கு நான் யார்கூடச் சண்டை போடுறது?"

மண்டபம் சிரித்தது. இரண்டாவது பிரிவை நீக்கவும் மூன்றாவதை மாற்றவும் யாரெல்லாம் சம்மதம் என்று தலைவர் கேட்டார். டிப்போக்காரர்கள் கை முதலில் எழுந்தது. நான் தோள் கழன்றுவிடும் அளவுக்குத் தூக்கினேன். கை தூக்க உரிமை இல்லாத டீச்சர், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எண்ணவே தேவையில்லை, அவ்வளவு கை. மகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்திய கத்தலில் தலைவர் மணியடிக்க மறந்துவிட்டார்.

முதல் பிரிவும் அன்று நிறைவேறியது. மாமனார் அதற்கும் கை தூக்கினார். டீச்சரின் தங்கை ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வருவதாக இருந்தது, இனி வர முடியாது. அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை மாமனார் குளித்துச் சட்டை மாற்றி, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். செய்தித்தாளோடு அவள் வந்தாள். அனுமதி புதுப்பிக்கப்படும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்களாம். சொல்லும்போதே சிரிப்பை அடக்க முடியவில்லை. நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டாள்.

"முதல் பிரிவு தப்புங்கய்யா. அதைத் திரும்பக் கூட்டத்துக்குக் கொண்டுவரப்போறேன்."

"தப்பே இல்ல!"

நான் காபி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். எப்படியும் ஆறத்தான் போகிறது.

"முழு வாக்கியமாச் சொல்லுங்க" என்றாள் டீச்சர்.