பேரணாம்பட்டு கிரீன்லாந்து ஆன கதை

துண்டறிக்கை எழுதுகிறவனுக்கு இரண்டு துக்கம்: எழுதியதை யாரும் படிப்பதில்லை என்பது ஒன்று, யாராவது உண்மையாகவே படித்துவிடுவது மற்றொன்று. பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்தவர்களே, பசை வாளியோடு வெறுஞ்சுவர் தேடி அலைந்தவர்களே, முதல் துக்கம் உங்களுக்குப் பழகியிருக்கும். எனக்கு இரண்டாவதும் வாய்த்தது. ஆம்பூரில் எங்கள் தோல் தொழிலாளர் சங்கத்துக்கு நான் பல வருஷம் செயலாளர். சைக்கிளில் போய் ஆள் ஆளாகச் சேர்த்து நான் உண்டாக்கிய பேரணாம்பட்டுக் கிளை, நானே எழுதிய பதினாறு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "உன்னை விட்டுப் போகிறோம்" என்று எழுந்து நின்றது. அது தங்குமா, போகுமா என்று நான் பட்ட பாடுதான் இது.

லண்டனுக்கு மேலே ஒருத்தன்

எழுபதுகளின் தொடக்கம். கரீம் பாய் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் எக்ஸ்போர்ட் கிளார்க். வெளிநாட்டுக் கடிதங்களைப் பிரித்துப் படிப்பவர் என்பதால் எங்கள் தெருவுக்கு அவர்தான் உலகம். ஒருநாள் சாயங்காலம் டீக்கடையில் சொன்னார்: "பிரிட்டன் போய் ஐரோப்பா பொதுச் சந்தையில சேர்ந்துட்டான். இனிமே நம்ம தோலுக்கு லண்டன்காரன் தனியா வரி போட முடியாது. பிரஸ்ஸல்ஸ்னு ஒரு ஊராம். அங்க எல்லாரும் உக்காந்து பேசி முடிவு பண்றதுதான் சட்டம்."

எனக்குக் கையில் இருந்த டீ ஆறிப்போனது. சங்கம் என் வேலை என்றால் மாநில சுயாட்சி என் மூச்சு. நம்மை ஆண்டவனே தன் ஊர் வரியைத் தானே போட முடியாமல் இன்னொரு ஊருக்கு மனுப் போடுகிறானா! மறுநாளே பஸ் ஸ்டாண்டில் கூட்டம் போட்டேன். இறையாண்மை, கூட்டாட்சி, அதிகாரப் பகிர்வு என்று ஒரு மணி நேரம் முழங்கினேன். முன்வரிசையில் சுண்ணாம்பு படிந்த கையோடு உட்கார்ந்திருந்த தொழிலாளி ஒருவர் அத்தனையையும் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அப்ப வெள்ளைக்காரனுக்கும் ஒரு டெல்லி வந்துடுச்சுன்னு சொல்லுங்க!"

பனி நாட்டு மீன்

எண்பதுகள் பிறந்தபின் சாமுவேல் வாத்தியார் ஆங்கிலப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு சங்க ஆபீசுக்கே வந்தார். கிரீன்லாந்து என்று ஒரு பனி நாடு. டென்மார்க்குக்கு உட்பட்டது. டென்மார்க் பொதுச் சந்தையில் சேர்ந்தபோது, கிரீன்லாந்து மக்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவர்கள் கடலில் ஊரான் கப்பல் வந்து மீன் பிடித்தது. பிறகு சுயாட்சி வாங்கினார்கள். இப்போது இன்னொரு முறை ஓட்டுப் போட்டு, ஐரோப்பாவை விட்டே வெளியேறுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்!

அன்று நான் நடக்கவில்லை, பறந்தேன். இரண்டே நாளில் பதினாறு பக்கம். 'மீன் எங்களுடையது' என்று தலைப்பு. 'எங்கள் மீனை எப்போது பிடிப்பது என்று எங்கேயோ உட்கார்ந்தவன் சொல்லக் கூடாது' என்று ஏழாம் பக்கத்தில் எழுதினேன். 'ஒற்றுமை, ஒற்றுமை என்று கத்துகிறவன், தன் நாற்காலியின் ஒற்றுமையைத்தான் சொல்கிறான்' என்று ஒன்பதாம் பக்கத்தில் டெல்லியைக் கிழித்தேன். அதை எழுதியவன் நான் என்பதில் இன்றைக்கும் எனக்குக் கர்வம் உண்டு. அச்சான புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். முதலில் கை நீட்டிய பெரியவர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல குடியாத்தம் பஸ் டைம் எத்தனாம் பக்கத்துல இருக்கு?"

எல்லைத் தகராறு

அதே கட்டோடு ஒரு கான்ஸ்டபிள் என்னை நிறுத்தினார். 'பிரிவு' என்ற சொல்லை முதல் பக்கத்திலேயே பார்த்துவிட்டார். எந்த நாட்டை எந்த நாட்டிலிருந்து பிரிக்கிறாய் என்றார். சொன்னேன். கிரீன்லாந்து எங்கே இருக்கிறது என்றார். வட துருவத்துப் பக்கம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார்: "நம்ம லிமிட்ல வராது. எட்துனு போ."

படித்துவிட்டாள்

நான் சொன்ன இரண்டாவது துக்கத்தின் பெயர் எஸ்தர். பேரணாம்பட்டில் தோல் காயப்போடும் வேலை. மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். கிளைச் செயலாளராக அவளை முன்மொழிந்தவனும் நான்தான். அந்த வருஷம் கூலி உயர்வுக்கு ஸ்ட்ரைக் என்று ஆம்பூரில் கூடி, திங்கட்கிழமை தொடங்குவதாக முடிவு செய்து, பேரணாம்பட்டுக்குச் சொல்லி அனுப்பினோம். வழக்கம்போல, அவர்களைக் கேட்கவில்லை. ஸ்ட்ரைக் தோற்றது. அடுத்த ஞாயிறு கிளைக் கூட்டத்தில் எஸ்தர் எழுந்தாள்.

"அண்ணே, உங்க ஊரு பெரிய ஃபேக்டரிக்குத் திங்கக்கிழமை சரி. எங்க ஊர்ல பச்சைத்தோல் வந்து எறங்குறது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை வேலைய நிறுத்தினா தோல் அழுகும். அந்த நாத்தத்துக்கே முதலாளி பேச வருவான். திங்கக்கிழமை நிறுத்தினா அவன் காலாட்டிக்கினு உக்காந்திருப்பான். எந்த நாள்னு எங்களை இன்னான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். பிறகு என் புத்தகத்தை விரித்தாள். மஞ்சள் தடவியது போல விரல் தடம், ஓரமெல்லாம் பென்சில் கோடு. "ஏழாம் பக்கம். மீன் அவங்களுது. ஸ்ட்ரைக் நாள் எங்களுது. தனிச் சங்கமா போறோம். ஓட்டு வையுங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இருபது நிமிஷம் பேசினேன். சங்கம் இரண்டானால் முதலாளி சிரிப்பான், பிரிவினை துரோகம், இந்த நேரத்தில் தேவை ஒற்றுமை, ஒற்றுமை, ஒற்றுமை! மூச்சு வாங்க நிறுத்தினேன். எஸ்தர் குரலை உயர்த்தவே இல்லை: "ஒன்பதாம் பக்கத்தையும் படிக்கட்டாண்ணே?"

பானைக்குள் ஜனநாயகம்

ஓட்டு வைத்தோம். கிரீன்லாந்துக்கு உண்டு, பேரணாம்பட்டுக்கு இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்? பெயர்ப் பட்டியல் கூடாது என்றேன். முதலாளி கையில் சிக்கினால் எல்லார் வேலையும் போகும். எழுத்தும் வேண்டாம். டேனரியில் எல்லார் கைக்கும் கிடைப்பது இரண்டு: தோலுக்குப் போடும் கல்லுப்பு, பதனிடும் ஆவாரம்பட்டை. போக வேண்டும் என்பவர் பட்டைத் துண்டு போடட்டும், தங்க வேண்டும் என்பவர் உப்புக்கல் போடட்டும் என்று தீர்மானித்த மேதை நானே. துணியால் வாய் கட்டி, நடுவில் கிழித்த ஒரு பானை. காவலுக்கு சின்னசாமி என்ற பெரியவர். காலையிலிருந்து வரிசை. திருவிழாக் கூட்டம் போல ஒரே பரபரப்பு!

சாயங்காலம் துணியை அவிழ்த்தேன். பட்டைத் துண்டுகள் மிதந்தன. மிதந்தன என்றால், உள்ளே தண்ணீர். டேனரியிலிருந்து கொண்டுவந்த பானையைக் கவிழ்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நாலு விரல் தண்ணீர் அடியிலேயே இருந்திருக்கிறது. உப்பில் இரண்டு மூன்று கல் மட்டும் பல்லி முட்டை அளவில் மிச்சம். எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கும் இல்லை, வேண்டாம் என்றவன் நான். எனக்கு விழுந்த ஓட்டெல்லாம் என் கண்ணெதிரே கரைந்து கிடந்தது. சின்னசாமியைப் பிடித்து உலுக்கினேன், சத்தம்கூடவா கேட்கவில்லை என்று. "டொப்பு டொப்புன்னு கேட்டுச்சு தலைவரே. ரகசிய ஓட்டுன்னா அப்படித்தான் கேக்கும்னு நெனச்சேன்!"

உப்புத் தண்ணீர்

அப்போதுதான் ஆம்பூரிலிருந்து என்னோடு வந்திருந்த பொருளாளர் ஜெயராமன் என் காதோரம் குனிந்தார். "கரைஞ்சது எல்லாம் நம்ம ஓட்டுன்னு அடிச்சுப் பேசுங்க. தண்ணிய எவன் எண்ணுவான்?" உண்மையைச் சொல்கிறேன், ஆசையாக இருந்தது. பானை என் கையில், மைக் என் கையில். கிளை என்னுடையதாகவே இருந்திருக்கும். எஸ்தர் எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டு செல்லாது, அடுத்த ஞாயிறு மறு ஓட்டு என்று அறிவித்தேன். அன்று பானையை எல்லார் முன்பும் நானே கவிழ்த்துக் காட்டினேன். உப்புக்குப் பதிலாகக் கடுக்காய். எண்ணி முடித்ததும் ஏழு ஓட்டு வித்தியாசம், பட்டை ஜெயித்தது. அதையும் மைக்கில் நானே சொன்னேன். கை தட்டினார்கள், எனக்கல்ல. ஜெயராமனும் நானும் ஒரே பஸ்ஸில் ஆம்பூர் திரும்பினோம். இறங்கும்போது அவர் சொன்னார்: "உங்க புக்கை வித்ததுக்குப் பதிலா எரிச்சிருக்கலாம்."

கையெழுத்து

அடுத்த மழைக்காலம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை பேரணாம்பட்டு தனியாக வேலையை நிறுத்தியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நாற்றம் ஊரைத் தூக்கியது. திங்கட்கிழமை முதலாளிகள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். பேரணாம்பட்டுக்காரர்கள் ஜெயித்தார்கள்! செய்தி கேட்டு சங்க ஆபீஸ் பெஞ்சில் ஏறிக் குதித்தேன், பிறகு அது என் சங்கமல்ல என்று ஞாபகம் வந்து இறங்கினேன்.

அந்த வாரமே எஸ்தர் ஆம்பூருக்கு வந்தாள். கையில் ஒரு தாள். பேரணாம்பட்டு தனிச் சங்கம், ஸ்ட்ரைக் நாள் அவரவர் முடிவு, ஆனால் ஒருவரை வேலையிலிருந்து எடுத்தால் இரண்டு ஊரும் சேர்ந்து நிற்கும். "கிரீன்லாந்து வெளிய போனாலும் ஐரோப்பாவோட மீன் ஒப்பந்தம் போட்டுக்குதாம், சாமுவேல் வாத்தியார் சொன்னாரு" என்றாள். இரண்டு முறை படித்தேன். திருத்த ஒரு சொல்கூட இல்லை, என் நடையிலேயே எழுதியிருந்தாள். பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினாள்: "போடுங்க, டெல்லி அண்ணே."

கையெழுத்துப் போட்டேன், சுயாட்சிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் என்ற பெருமையை இன்றுவரை ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, ஆனால் அதற்குப் பிறகு எழுதிய எந்தத் துண்டறிக்கையிலும் பக்க எண் மட்டும் போட்டதில்லை.